பகுதிச் சந்திர கிரகணம்: குமரியில் தெரியுமா, எத்தனை மணிக்கு?

சந்திர கிரகணம் நெருங்கினால் வாட்ஸ்ஆப்பில் ஒரே கிரகணத்துக்கு மூன்று நேரங்கள் சுற்றும். எது சரி என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றுமே சரிதான். ஒன்று வேறு கட்டத்தின் நேரமாக இருக்கும், இல்லை வேறு நேரக் கணக்கில் எழுதியதாக இருக்கும், அவ்வளவுதான். 2023 அக்டோபர் கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூமி நிழலின் மங்கலான வெளி அடுக்கான புறநிழல் நிலாவைத் தொட்டது 28ஆம் தேதி இரவு 11:31க்கு. இருண்ட நடு அடுக்கான கருநிழல் தொட்டது 1:05க்கு. அதற்குள் காலண்டரில் 29 பிறந்துவிட்டது. உலக நேரத்தில் எழுதும் பக்கங்களில் அதே 1:05 என்பது 28ஆம் தேதி இரவு 7:35. இந்த மூன்றையும் யாரோ ஒருவர் கலந்து அனுப்ப, 28ஆம் தேதி இரவு ஏழரை மணிக்கே மாடியில் ஏறி, முழு நிலாவைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே" என்று இறங்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. சந்திர கிரகணத்தின் நேரம் ஊருக்கு ஊர் மாறாது. சூரிய கிரகணத்தில் நிலாவின் நிழல் பூமியின் மேல் ஓடுகிறது. அதனால் நாகர்கோவிலுக்கு ஒரு நேரம், மதுரைக்கு ஒரு நேரம். சந்திர கிரகணத்தில் நிழல் விழுவது நிலாவின் மேலேயே. அங்கே இருள் தொட்ட நொடியை குளச்சலில் நின்றாலும் டெல்லியில் நின்றாலும் ஒரே நொடியில்தான் பார்க்கிறோம். "நாகர்கோவிலுக்கான கிரகண நேரம்" என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. இந்தியாவுக்கு எந்த நேரம் போட்டிருக்கிறதோ அதுவே நமக்கும். ஊருக்கு ஊர் மாறுவது இரண்டே இரண்டு: அந்த நேரத்தில் நிலா நம் தொடுவானத்துக்கு மேலே இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு உயரத்தில்.

ஆகவே கிரகணம் தெரியுமா என்று பார்ப்பது கணக்கே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. ஒரு பக்கம் கிரகணத்தின் தொடக்கம், உச்சம், முடிவு. மறுபக்கம் நம்மூரில் நிலா எழும், மறையும் நேரம். இரண்டையும் அருகருகே எழுதினால் விடை தெரிந்துவிடும்.

எந்த நேரத்தை நம்புவது

பூமியின் நிழலுக்கு இரண்டு அடுக்கு. நடுவில் சூரிய ஒளி நேராக எட்டாத கருநிழல். அதைச் சுற்றி, சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைந்திருக்கும் புறநிழல். நிலா இருக்கும் தொலைவில் கருநிழலின் குறுக்களவு 9,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். நிலா முழுதாக உள்ளே போக இடம் தாராளம். ஆனால் நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்வாக இருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். ஓரத்தை மட்டும் உரசிப்போகும் பௌர்ணமியில் வருவதுதான் பகுதிக் கிரகணம்.

வானியல் அட்டவணையில் ஐந்து நேரம் இருக்கும்: புறநிழல் தொடக்கம், கருநிழல் தொடக்கம், உச்சம், கருநிழல் முடிவு, புறநிழல் முடிவு. கண்ணால் பார்க்க நினைப்பவருக்கு நடுவிலுள்ள மூன்றும் போதும். முதலையும் கடைசியையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். புறநிழல் தொட்டு முக்கால் மணி நேரம் ஆனாலும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கருநிழல் தொடுவதற்கு இருபது முப்பது நிமிடம் முன்பிருந்து நிலாவின் ஒரு ஓரம் லேசாக அழுக்குப் படிந்ததுபோல் மங்கும். அதுவும் தேடினால்தான் தெரியும். 2020இல் வந்த நான்கு சந்திர கிரகணங்களும் புறநிழல் வகை. நான்குக்கும் செய்திகளில் அமர்க்களம். வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

பஞ்சாங்கத்தில் ஸ்பரிசம், மத்திமம், மோட்சம் என்று மூன்று நேரம் இருக்கும். இவை கருநிழல் தொடக்கம், உச்சம், கருநிழல் முடிவு. புறநிழல் கிரகணத்தைப் பஞ்சாங்கம் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்த விஷயத்தில் பஞ்சாங்கம் செய்தித்தாளைவிடத் தெளிவு.

ஆனால் பஞ்சாங்கத்தில் ஒரு பள்ளம் உண்டு: நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி; இரண்டும் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுபவை. எந்த ஊர் உதயம் என்பதுதான் கேள்வி. உதாரணமாக 2028 ஜூலை 6 இரவு 10:39க்குக் கருநிழல் தொடுகிறது. அன்று சென்னையில் உதயம் ஏறத்தாழ 5:47, குமரியில் 6:07. சென்னைக் கணக்கில் ஸ்பரிசம் 42 நாழிகை 10 விநாழிகை. நம் கணக்கில் 41 நாழிகை 20 விநாழிகை. சென்னைப் பஞ்சாங்கத்தின் 42:10ஐ எடுத்து நம்மூர் உதயத்தோடு கூட்டினால் 10:59 வரும். இருபது நிமிடம் பிந்திவிட்டீர்கள். பஞ்சாங்கத்தில் மணி–நிமிடமும் போட்டிருந்தால் அதை எடுங்கள். நாழிகை மட்டும் இருந்தால், அது எந்த ஊருக்குக் கணித்தது என்று முதல் பக்கத்தில் பாருங்கள். கொல்கத்தாவிலுள்ள பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் ஆண்டுதோறும் இந்திய நேரத்தில் வெளியிடும் கிரகண விவரம் இந்தக் குழப்பமே இல்லாதது.

ஒரே கிரகணத்துக்கு இரண்டு நல்ல அட்டவணைகள் ஒரு நிமிடம் முன்பின் சொன்னால் கவலை வேண்டாம். கருநிழலுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. பூமியின் காற்றுமண்டலம் நிழலைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில் கணிப்பவர்களுக்குள் வேறுபாடு. 1707இல் பிரெஞ்சு வானியலாளர் லா ஹீர் 41இல் ஒரு பங்கு கூட்டினார். பின்னால் வந்தவர்கள் 50இல் ஒரு பங்கு என்றார்கள். இப்போது வேறு முறையும் புழக்கத்தில் இருக்கிறது. 2023 அக்டோபர் கிரகணத்தின் அளவை (நிலாவின் குறுக்களவில் எவ்வளவு மறைகிறது என்பதை) ஒரு இடத்தில் 0.122 என்றும் இன்னொரு இடத்தில் 0.126 என்றும் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் இதுதான். கண்ணுக்கோ, அட்டவணை சொன்ன நிமிடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் "ஆமா, கடிச்சிருக்கு" என்று உறுதியாகத் தெரியும்.

தேதி

இந்தியாவில் நன்றாகத் தெரியும் கிரகணங்கள் பல நள்ளிரவை ஒட்டி வருபவை. அதனால் தேதிச் சிக்கல் தப்பாமல் வரும். உலக நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டியதும் தேதி தாண்டிவிடும். 2019இல் அட்டவணைகளில் ஜூலை 16 என்று போட்ட கிரகணம் நமக்கு 17ஆம் தேதி அதிகாலை 1:31 முதல் 4:30 வரை. "17ஆம் தேதி கிரகணம்" என்று கேட்டவர் 17ஆம் தேதி இரவு காத்திருந்தால், அதற்குள் கிரகணம் முடிந்துபோயிருக்கும். நம் பழைய வழக்கில் நாள் உதயத்தில் மாறும், காலண்டரில் நள்ளிரவில் மாறும். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லும்போது "செவ்வாய் ராத்திரி விடிஞ்சா புதன்" என்று கிழமையைச் சேர்த்துச் சொன்னால் தப்பு வராது.

எவை தெரிந்தன, எவை தெரியும்

2017 ஆகஸ்ட் 7 இரவு 10:52 முதல் நள்ளிரவு தாண்டி 12:48 வரை நடந்த பகுதிக் கிரகணம், 2019 ஜூலை 17 அதிகாலை நடந்தது, 2023 அக்டோபர் 29 அதிகாலை 1:05 முதல் 2:24 வரை நடந்தது: மூன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை குமரியில் தெரிந்தவை. 2013 ஏப்ரல் 26 அதிகாலை 1:24க்குத் தொடங்கி 1:51க்கு முடிந்த ஒன்றும் இங்கே தெரிய வேண்டியதுதான். ஆனால் அதன் அளவு 0.015. நிலாவின் குறுக்களவில் நூறில் ஒன்றரைப் பங்கு. விளிம்பு மங்கலான நிழலில் அது கண்ணுக்குப் பிடிபடாது.

2021 நவம்பர் 19 நேர் எதிர். அளவு 0.974, ஏறக்குறைய முழுக் கிரகணம். கருநிழலில் மூன்றரை மணி நேரம். நம் நேரப்படி மதியம் 12:48 முதல் மாலை 4:17 வரை. நாலே கால் மணிக்குள் நிலா எழுந்தது வடகிழக்கு மாநிலங்களின் ஒரு மூலையில் மட்டும். குமரியில் நிலா எழுந்தபோது கிரகணம் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரிய கிரகணம் என்பதும் நமக்குத் தெரியும் கிரகணம் என்பதும் வேறு வேறு.

2026 ஆகஸ்ட் 28 கிரகணமும் இந்த வகைதான். அளவு 0.93. கருநிழல் காலை 8:03க்குத் தொட்டு 11:22க்கு விலகுகிறது. அன்று குமரியில் நிலா மறைவது 6:10 வாக்கில். புறநிழல் தொடுவதே 6:53க்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பார்ப்பார்கள். இங்கே பட்டப்பகல், ஒரு துளியும் கிடையாது. அந்த நாளுக்குக் குமரி, நெல்லை என்று ஊர்ப் பெயர் போட்டு நேரம் வந்தால் அப்படியே ஒதுக்கிவிடலாம். நம்மூரில் தெரியாத கிரகணத்துக்கு அனுஷ்டானம் கிடையாது என்பதே பஞ்சாங்க வழக்கும். கோயில் நடை சாத்தும் நேரத்தை அந்தந்தக் கோயில் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அது கிரகண நேரத்துக்கு முன்பே தொடங்கும். 2028 ஜனவரி 12ஆம் தேதிய சின்னக் கிரகணமும் நமக்குக் காலை ஒன்பதே காலுக்கு மேல்தான், எனவே தெரியாது.

இங்கே முழுதாகத் தெரியப்போகும் பகுதிக் கிரகணங்கள் இரண்டைக் குறித்துவைக்கலாம்.

2028 ஜூலை 6 இரவு 10:39க்குத் தொடங்கி, 11:50க்கு உச்சம், ஏழாம் தேதி அதிகாலை 1:00 மணிக்கு முடிவு. அளவு 0.389. இது 2010 ஜூன் 26 கிரகணத்தின் அடுத்த சுற்று. 18 ஆண்டு 10 நாள் கழித்து அதே வடிவில் திரும்புகிறது. 2010இல் உச்சம் மாலை 5:08, முடிவு 6:30, இங்கே நிலா எழுமுன் முடிந்துபோனது. இந்தச் சுற்றில் ஆறேமுக்கால் மணி நேரம் தள்ளி விழுவதால் நமக்கு நள்ளிரவு வாய்க்கிறது.

2030 ஜூன் 15 இரவு 10:51க்குத் தொடங்கி, 12:03க்கு உச்சம், 16ஆம் தேதி அதிகாலை 1:15க்கு முடிவு. அளவு 0.502.

அளவு என்பது பரப்பு அல்ல, குறுக்களவில் எவ்வளவு மறைகிறது என்பது. இதைப் பலரும் போட்டுக் குழப்புவார்கள். 0.389 என்றால் குறுக்கே 39 சதவீதம் நிழலுக்குள். பரப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2023இல் குறுக்களவில் 12 சதவீதம் மறைந்தபோது பரப்பில் மறைந்தது 6 சதவீதம்தான். வட்டத்தின் ஓரம் ஒடுங்கியிருப்பதால் சின்ன அளவுகளில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும். பாதியை நெருங்க நெருங்கக் குறையும்.

நிழல் எந்தப் பக்கம் கடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம். 2028இல் நிலா நிழலுக்குத் தெற்கே ஒதுங்கிப் போகிறது. ஆகவே வட பகுதி இருளும். குமரியில் அந்த நேரம் நிலா தெற்கு வானில், ஏறத்தாழ 57 டிகிரி உயரத்தில். தெற்கு நோக்கி நின்றால் மேல் இடது ஓரத்தில் தொடங்கி, உச்சத்தில் மேல் பகுதி முழுக்க, கடைசியில் மேல் வலது ஓரமாக விலகும். 2030இல் நிலா நிழலுக்கு வடக்கே; ஆகவே கீழ் இடதில் தொட்டு, கீழ்ப் பாதியை மறைத்து, கீழ் வலதில் விலகும். இது தெரிந்திருந்தால் தொடக்கத்தை ஐந்து நிமிடம் முன்பே பிடித்துவிடலாம். தெரியாதவர்கள் எதிர் ஓரத்தையே வெறித்துக்கொண்டிருப்பார்கள்.

கிரகணத்தோடு எழும் நிலா

குமரியில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வெளியே முழுக் கிரகணம் என்று போட்டிருக்கும். நமக்கு நிலா எழும்போது முழுமை முடிந்து வால் மட்டும் மிஞ்சியிருக்கும். அதாவது நமக்கு அது பகுதிக் கிரகணம். 2022 நவம்பர் 8 அப்படி: முழுமை மாலை 5:12க்கு முடிந்தது, கருநிழல் 6:19க்கு விலகியது, குமரியில் நிலா எழுந்தது ஆறு மணியை ஒட்டி. கிடைத்தது சுமார் இருபது நிமிடம். 2026 மார்ச் 3: முழுமை 5:33க்கு முடிவு, கருநிழல் 6:48க்கு முடிவு, இங்கே நிலா எழுவது ஆறரையை ஒட்டி. கால் மணி நேரம்.

இப்படிப்பட்ட நாளில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நிலா எழும் நேரத்துக்குச் சென்னைப் பட்டியலை எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தால் மட்டும் நமக்குச் சென்னையைவிட 11 நிமிடம் பிந்தும். அதன்மேல் பருவம் சேரும்: மார்கழி, தை பௌர்ணமியில் வித்தியாசம் 20 நிமிடம் வரை போகும், நவம்பரில் 17 நிமிட அளவு, ஆனி பௌர்ணமியில் இரண்டே நிமிடம். மறையும் நேரத்துக்கு இது அப்படியே தலைகீழ். இத்தனை திருத்தம் செய்வதைவிட, திருவனந்தபுரத்துக்கான நேரத்தை எடுத்து இரண்டு நிமிடம் கழித்துவிடுவது எளிது. அட்சரேகை ஏறக்குறைய ஒன்று. பருவத் தொல்லை இல்லை. மாவட்டத்துக்குள் களியக்காவிளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் ஒன்றரை நிமிடம்தான் வித்தியாசம்; அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பொருட்படுத்த வேண்டியது மலை. அட்டவணை சொல்லும் நிலா உதயம் தடையில்லாத தொடுவானத்துக்கானது. நம் அட்சரேகையில் நிலா ஒரு டிகிரி ஏற நான்கு நிமிடம் ஆகும். கிழக்கே மூன்று டிகிரி உயரத்துக்கு மலையோ தென்னந்தோப்போ இருந்தால் பன்னிரண்டு நிமிடம் போச்சு; 2026 மார்ச் மாதிரி நாளில் மிச்சம் மூன்று நிமிடம். நாகர்கோவிலிலிருந்து தென்கிழக்கே மருந்துவாழ்மலையும் வடகிழக்கே தாடகை மலையும் நிற்கின்றன. உங்கள் மாடியிலிருந்து கிழக்கு எவ்வளவு மறைகிறது என்று அளக்க, கையை நீட்டிக் கட்டைவிரலைக் கிடையாகப் பிடியுங்கள். அதன் அகலம் இரண்டு டிகிரி. மூடிய கைப்பிடி பத்து டிகிரி. ஒரு கட்டைவிரலுக்கு மேல் மறைந்தால் வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

எங்கே போவது? சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும் அதே கன்னியாகுமரி முனை. அல்லது சின்னமுட்டம், வட்டக்கோட்டைக் கரை. வட்டக்கோட்டைக்குள் இருட்டும் வரை இருக்கவிட மாட்டார்கள், வெளியே கரையில் நிற்கலாம். முட்டம், சங்குத்துறை, தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக்கும் தெற்குக்கும் நல்லவை. நிலா எழும் கிரகணத்துக்கு அங்கே போனால் முதுகுப்பக்கம் தென்னைதான். விடியற்காலையில் மறையும் நிலாவுக்கு முட்டம் பக்கம் போகலாம். அதிலும் ஒரு கணக்கு: ஆனி, ஆடி பௌர்ணமி தென்மேற்கே கடலில் இறங்கும், மார்கழி பௌர்ணமி வடமேற்கே கரைக்கு மேல் இறங்கும்.

முனையில் இன்னொரு சிக்கல், வள்ளுவர் சிலை. 133 அடி உயரம், கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் என்றால் கண்ணுக்கு நாலரை டிகிரி. 2026 மார்ச் 3 கிரகணம் முடியும் கணத்தில் நிலாவின் உயரமே நான்கு டிகிரிக்குள்தான். எழும் திசையில் சிலை நேர் வந்துவிட்டால் முழுக் காட்சியும் அதன் பின்னால். பக்கவாட்டில் முப்பது அடி தள்ளினால் ஒரு டிகிரி விலகும், அது போதும். ஆனால் கூட்டத்துக்குள் கடைசி நிமிடத்தில் முப்பது அடி நகர முடியாது. முந்தைய நாளே வந்து திசைகாட்டியில் பார்த்து இடம் பிடியுங்கள்.

தொடுவானத்தை ஒட்டிக் கடல்மேல் பெரும்பாலும் ஒரு மூட்டம் இருக்கும். வானம் தெளிவு என்று தோன்றினாலும் முதல் ஒரு டிகிரிக்குள் நிலா தெரியாமலே ஏறும். அந்தி வெளிச்சமும் சேர, இருண்ட பகுதி வானத்தின் நிறத்தோடு கலந்து, நிலா உடைந்த தட்டுபோல் எழும். எட்டாம் நாள் பிறை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பைனாகுலர் இருந்தால் வளைவின் வித்தியாசம் உடனே தெரியும்: கிரகண நிழலின் ஓரம் நிலாவைவிடப் பெரிய வட்டத்தின் துண்டு.

மேகம், காற்று, உப்பு

2028உம் 2030உம் தென்மேற்குப் பருவமழைக் காலம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேகம் அடர்ந்திருக்கும் இரவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் காற்று கிழக்கே வறண்டு வருகிறது. இரவு எட்டு மணிக்கு நாகர்கோவிலில் வானம் மூடியிருந்தால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கிளம்பிவிடுங்கள், அரை மணி நேர ஓட்டம். வானம் திறந்திருந்தால் எங்கும் போக வேண்டாம். நிலா 57 டிகிரி உயரத்தில் நிற்கும்போது மொட்டைமாடி தாராளம். கடற்கரைக்கு ஓடினால் கிடைப்பது உப்பும் காற்றும்தான். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் கிரகணம். மேகம் வந்தால் மூட்டை கட்டாதீர்கள், ஒரு இடைவெளி போதும்.

கண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டாம். இருள் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் எல்லாம் சூரிய கிரகணத்துக்குச் சொன்னதை இதற்கும் இழுத்து வந்தது. போட்டால் நிலாவே தெரியாது. பைனாகுலரில் 7×50 அல்லது 10×50 சரியான அளவு. அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுங்கும்.

சிவப்பு நிலாவை எதிர்பார்க்காதீர்கள். கருநிழலுக்குள் எட்டும் செம்மை உண்மைதான், ஆனால் நிலாவின் பெரும்பகுதி வெளிச்சத்தில் இருக்கும்போது அந்தக் கூச்சம் செம்மையை விழுங்கிவிடும். அளவு 0.4, 0.5 கிரகணத்தில் மறைந்த பகுதி கரிச்சாம்பலாகத்தான் தெரியும். பைனாகுலரில் உச்ச நேரத்தில் லேசான செம்பு நிறம் தட்டுப்பட்டால் அதிர்ஷ்டம்.

படம் எடுப்பவர்களுக்கு: நிலா பகல் வெளிச்சத்தில் இருக்கும் பாறை. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200 விநாடி என்று தொடங்குங்கள். நிழல் ஏற ஏற மிச்சமுள்ள வெளிச்சப் பகுதியும் புறநிழலில் மங்குவதால் 1/100, 1/60 என்று இறக்க வேண்டிவரும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் கருப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, நிலாவை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். கிரகணப் படங்களில் பாதிக்கு மேல் கெடுவது இங்கேதான். வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும் ஒரே படத்தில் வராது. நிழலுக்குத் தனியாக, ஐஎஸ்ஓவை 800, 1600க்கு ஏற்றி எடுங்கள். விநாடியை நீட்ட ஆசைப்படாதீர்கள்: 300 மில்லிமீட்டர் லென்ஸில் கால் விநாடிக்கு மேல் போனால் வானத்தின் சுழற்சியே படத்தை இழுத்துவிடும். அந்த லென்ஸில் நிலா சென்சார்மேல் 2.7 மில்லிமீட்டர்தான் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். செல்போன் என்றால் நிலாவைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்து, ஃபோகஸைப் பூட்டுங்கள். பைனாகுலரின் கண்வில்லையில் போனை ஒட்டிப்பிடித்து எடுப்பது டிஜிட்டல் ஜூமைவிட மேல்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் ட்ரைபாட் ஆடும். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகல வைத்து, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஊஞ்சலாடி நடுக்கத்தைக் கூட்டும். கேமராவின் இரண்டு விநாடித் தாமதத்தைப் போட்டுவிட்டால் விரல் அசைவு படத்தில் வராது.

கொஞ்சம் பொறுமையும் சின்னத் தொலைநோக்கியும் இருந்தால் உருப்படியான ஒரு வேலை செய்யலாம்: நிழலின் ஓரம் நிலாவிலுள்ள பள்ளங்களைத் தொடும் நேரத்தைக் குறிப்பது. லா ஹீர் காலத்திலிருந்து நிழலின் அளவு பற்றிய வாதம் தீராமல் இருப்பதால் இந்தக் குறிப்புகளுக்கு மதிப்பு உண்டு. 2028இல் வட பகுதியிலுள்ள பிளேட்டோ என்ற இருண்ட தரைப் பள்ளம். 2030இல் தெற்கே கதிர் கதிராக வெளிச்சம் வீசும் டைக்கோ. நிழலின் ஓரம் பள்ளத்தின் ஒரு விளிம்பைத் தொடும் நேரம், மறு விளிம்பைத் தாண்டும் நேரம், இரண்டையும் எழுதிச் சராசரி எடுங்கள். மங்கலான ஓரத்தில் "நடுவில் வந்தது" என்று ஒரே நொடியைத் தீர்மானிப்பதைவிட இது நம்பகம். கடிகாரத்தை நம்பாமல், இணையத்தில் இருக்கும் போனின் நேரத்தை விநாடியோடு பாருங்கள். இருவர் இருந்தால் ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதலாம். தனியாள் என்றால் போனில் குரலைப் பதிவு செய்துகொண்டே பாருங்கள்; முதலில் நேரத்தை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பதிவைத் தொடங்கினால், பிறகு எல்லாவற்றையும் அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

கடற்கரையில் பார்த்துவிட்டு வந்தால் லென்ஸை உடனே உலர்துணியால் துடைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொடி அதில் படிந்திருக்கும்; உலர்வாகத் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். ஊதுபந்தால் முதலில் ஊதி, பிறகு லென்ஸ் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக ஈரமாக்கி, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். ட்ரைபாட் கால்களின் பூட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அதன்பிறகே மடக்குங்கள்.